மறந்துபோன வலி யாருடையது?

1929 கோடை. பெர்லினுக்கு வடகிழக்கே எபர்ஸ்வால்டே என்னும் சிற்றூர். அங்கிருந்த மருத்துவமனையில் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டருக்கு ஒரு விபரீத ஆசை. முழங்கை மடிப்பில் ஓடும் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய ரப்பர் குழாயைச் செலுத்தினால் அது இதயம்வரை போகும், ஆளுக்கும் ஒன்றும் ஆகாது என்று காட்டிவிட வேண்டும். தலைமை மருத்துவர் கூடாது என்று சொல்லிவிட்டார். கருவிகளோ அறுவை அரங்கு நர்ஸ் கெர்டா டிட்சனின் பொறுப்பில் இருந்தன. ஃபோர்ஸ்மன் பேசிப் பேசி அவர் மனத்தைக் கரைத்தார். கெர்டா கருவிகளைத் தந்ததோடு நிற்கவில்லை. சோதனையைத் தன் உடம்பிலேயே செய்யும்படி சொல்லி மேசையில் ஏறிப் படுத்துவிட்டார். டாக்டர் அவருடைய கைகால்களைக் கட்டினார், அவர் பார்வை படாத பக்கமாகத் திரும்பி நின்றார், தன் சொந்தக் கையை மரக்கச் செய்து குழாயைத் தனக்குள்ளேயே ஏற்றிக்கொண்டார்.

ஏமாற்றப்பட்டது தெரிந்ததும் கெர்டாவுக்கு ஆத்திரம். ஆனாலும் கட்டு அவிழ்ந்ததும் அவரோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்தார். அங்கே 65 சென்டிமீட்டர் நீளக் குழாயின் நுனி இதயத்துக்குப் போய்ச் சேருவதை ஃபோர்ஸ்மன் தானே பார்ப்பதற்காக அவர் எதிரே ஒரு கண்ணாடி பிடிக்கப்பட்டது. 1956இல் வேறு இருவரோடு சேர்ந்து அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கெர்டா மருத்துவ வரலாற்றில் ஒரு வேடிக்கைக் கதையின் துணைப்பாத்திரமாக நின்றுபோனார். அது நியாயமில்லை. விழித்திருக்கும் ஒரு மனிதர், அவர் உடம்புக்குள் ஊரும் குழாய், எதிரே ஒரு திரை, சிகிச்சையைத் தான் செய்யாமல் பக்கத்தில் நிற்கும் இன்னொருவர். இன்று உலகமெங்கும் கேத் லேப்களில் அன்றாடம் நடப்பது இந்த ஏற்பாடுதான்.

ஃபோர்ஸ்மனுக்கு முந்தைய எண்பது ஆண்டுகளாக மருத்துவம் எதிர்த்திசையில் ஓடியிருந்தது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் ஈதர் கொடுத்து ஒருவரின் கழுத்துக் கட்டியை அகற்றிக் காட்டினார்கள். அன்றிலிருந்து அறுவை அரங்கின் பெருமையே, நோயாளி அங்கே இல்லை என்பதுதான். உடம்பு மேசையில் கிடக்கும், ஆள் இருக்கமாட்டார். யாரிடமும் பேச வேண்டியதில்லை, யாரையும் தேற்ற வேண்டியதில்லை. பிறகு குழாய்களும் ஊசிகளும் மெலியத் தொடங்கின. 1977 செப்டம்பர் 16 அன்று சூரிச்சில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக், 38 வயது நோயாளி ஒருவரின் இதய ரத்தக்குழாய் அடைப்பைச் சின்னஞ்சிறு பலூனால் விரித்தபோது அவர் முழு விழிப்போடு படுத்திருந்தார். மேசைக்கு ஆள் திரும்பி வந்துவிட்டார். இன்று ஆஞ்சியோ, ஸ்டென்ட், கொலோனோஸ்கோபி, கண்புரை, ஊசிவழி பயாப்சி, கல்லீரல் கட்டிக்குப் போகும் ரத்தத்தை அடைப்பது என்று எத்தனையோ சிகிச்சைகளில் நோயாளி கண்விழித்தோ அரைத்தூக்கத்திலோ இருக்கிறார்.

திரும்பி வந்த ஆளை யார் பார்த்துக்கொள்வது? டாக்டரின் கண் திரையில் இருக்கும், கை குழாயில் இருக்கும். டெக்னீஷியனுக்கு இயந்திரம். தலைமாட்டிலோ பக்கவாட்டிலோ ஈயக் கவசம் மாட்டி நிற்கும் சிஸ்டருக்குத்தான் அந்த முகம்.

அவர் செய்வதெல்லாம் பார்க்கச் சின்ன வேலைகள். கையை அசைக்கக்கூடாது என்று போர்த்தியிருக்கும் துணிக்கடியில் விரலைப் பிடித்துக்கொள்வார். தலைக்கு மேல் எக்ஸ்ரே கருவி சுழன்று நெருங்கும்போது அது முகத்தில் இடிக்காது என்பார். சாயம் ஏற்றுவதற்குச் சற்று முன்னால், "ஐயா, உடம்பு முழுக்கச் சூடா ஓடுற மாதிரி இருக்கும். ஒண்ணுக்குப் போயிட்டமோன்னுகூடத் தோணும். போகலை, அது மருந்து" என்பார். பலூன் விரியும் அந்தச் சில நொடிகளில் நெஞ்சை அழுத்தும். அதைச் சொல்ல நோயாளிக்கு ஒரு காது வேண்டும். நடுநடுவே மானிட்டரில் நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம், ஆக்சிஜன். நாக்கு குழறுகிறதா, வியர்க்கிறதா என்று முகத்திலிருந்து படித்துக்கொண்டே இருக்க வேண்டும். பேச்சுக் கொடுப்பதும் கண்காணிப்பதும் அவருக்கு ஒரே வேலை.

இதில் தத்துவம் எங்கே வந்தது? ஒரு சின்ன ஊசி மருந்து வழியாக வந்தது.

மிடாசோலம் என்ற மருந்தை இந்த மாதிரிச் சிகிச்சைகளின்போது ரத்தக்குழாய் வழியாகக் கொஞ்சம் கொடுப்பதுண்டு. பதற்றம் தணியும், கண் செருகும். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வரும், திரும்பிப் படுக்கச் சொன்னால் படுப்பார்கள். வலித்தால் முனகுவார்கள், சிலர் கத்தவும் செய்வார்கள். ஆனால் மருந்து வேலை செய்யும் நேரத்தில் நடப்பது பெரும்பாலும் நினைவில் பதியாது. எல்லாம் முடிந்து வார்டுக்கு வந்தபின், "எப்ப சிஸ்டர் ஆரம்பிப்பாங்க?" என்று கேட்பவர்கள் உண்டு. "ஒண்ணுமே தெரியலை, நல்லாத் தூங்கிட்டேன்" என்று நன்றி சொல்பவர்கள் அதைவிட அதிகம். அரைமணி முன்னால் அதே வாய் முனகியதைச் சிஸ்டர் கேட்டிருக்கிறார். சொன்னால் நம்பமாட்டார்கள், சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

அப்படியானால் அந்த வலி யாருடையது? பட்டவருக்கே தெரியாத வலி, பட்டதாகக் கணக்கில் வருமா?

இந்தக் கேள்விக்கு ஒரு பழைய, கொஞ்சம் கசப்பான வரலாறு இருக்கிறது. முதல் உலகப் போருக்கு முந்தைய ஆண்டுகளில் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் பெர்ன்ஹார்ட் கிரோனிக், கார்ல் காவுஸ் என்ற இரு டாக்டர்கள் பிரசவ வலிக்கு மார்ஃபினும் ஸ்கோபோலமினும் கலந்து கொடுத்தார்கள். 'அந்தி உறக்கம்' என்று பெயர். அளவு போதுமா என்று அவர்கள் பார்த்த விதம்தான் விசேஷம். வலிக்கிறதா என்று கேட்டு மருந்தின் அளவை முடிவு செய்யவில்லை. ஒரு பொருளைக் காட்டிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து அது நினைவிருக்கிறதா என்று கேட்பார்கள். நினைவில்லை என்றால் அளவு சரி. பெண்கள் பிரசவத்தின்போது அலறத்தான் அலறினார்கள். கண்விழித்ததும் சுகமாகப் பெற்றேன் என்றார்கள். செல்வந்தர் வீட்டு அமெரிக்கப் பெண்கள் கப்பலேறி அங்கே போனார்கள், ஊர் திரும்பி இதைத் தங்கள் உரிமையாகக் கேட்டுப் போராடினார்கள். அந்த அறைகளில் அலறலைக் கேட்டபடி நின்ற நர்ஸ்களிடம் யாரும் கருத்துக் கேட்டதாகத் தெரியவில்லை.

பிரிட்டிஷ் தத்துவவாதி டெரக் பார்ஃபிட் 1984இல் வெளியிட்ட 'ரீசன்ஸ் அண்ட் பெர்சன்ஸ்' நூலில் இதே நிலைமையை ஒரு புதிராக அமைத்தார். நோயாளி டாக்டருடன் ஒத்துழைக்க வேண்டியிருப்பதால் மயக்க மருந்து கொடுக்க முடியாத ஓர் அறுவை. ஆபத்தில்லை, ஆனால் கடும் வலி. முடிந்ததும் அந்த வலியை மறக்கடிக்கும் மருந்து தருவார்கள். ஒருவர் மருத்துவமனைக் கட்டிலில் கண்விழிக்கிறார். அறுவை ஆகிவிட்டதா இல்லையா என்று அவருக்கு நினைவில்லை. நர்ஸிடம் கேட்கிறார். இரு நோயாளிகளின் விவரம் நர்ஸுக்குத் தெரியும், எது இவருடையது என்றுதான் நினைவில்லை: ஒன்று, நேற்றே பத்து மணி நேரம் துடித்து முடித்தவர் அவர், அல்லது, இன்று ஒரு மணி நேரம் துடிக்கப் போகிறவர். பார்த்துவிட்டு வருகிறேன் என்று நர்ஸ் போகிறார். எது உண்மையாக இருக்க வேண்டும் என்று அந்த நோயாளி வேண்டிக்கொள்வார்?

பெரும்பாலோர் போலவே அவரும் நேற்றைய பத்து மணி நேரத்தைத்தான் விரும்புவார் என்றார் பார்ஃபிட். மொத்த வலி பத்து மடங்கு என்றாலும் பரவாயில்லை, போனது போனதுதான். தத்துவ வகுப்புகளில் இந்தப் புதிரை வைத்து, கடந்தகாலத்தைவிட எதிர்காலத்துக்கு ஏன் இத்தனை சலுகை என்று நாற்பது ஆண்டுகளாக விவாதிக்கிறார்கள். கதையின் நர்ஸைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. நியாயமாகப் பார்த்தால் நேற்றைய பத்து மணி நேரத்திலும் அங்கே ஒரு நர்ஸ் இருந்திருப்பார். அவருக்கு மறக்கடிக்கும் மருந்து யாரும் கொடுக்கவில்லை.

புதிர் புத்தகத்தோடு நிற்கவில்லை. டொரன்டோவின் டொனால்ட் ரெடல்மையரும் உளவியலாளர் டேனியல் கானமனும் 1996இல், கொலோனோஸ்கோபிக்கு வந்த 154 பேரிடமும் சிறுநீரகக் கல்லை அதிர்வலையால் உடைக்க வந்த 133 பேரிடமும், சிகிச்சை நடக்கும்போதே நிமிடத்துக்கு ஒருமுறை வலியின் அளவைக் கேட்டுக் குறித்தார்கள். பிறகு, மொத்தத்தில் எவ்வளவு மோசம் என்று கேட்டார்கள். சிலருக்குச் சில நிமிடங்களில் முடிந்தது, சிலருக்கு ஒரு மணி நேரம் இழுத்தது. ஆனால் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதற்கும் பின்னால் சொன்ன மதிப்பீட்டுக்கும் அனேகமாகத் தொடர்பே இல்லை. உச்சத்தில் எவ்வளவு வலித்தது, கடைசி நிமிடங்களில் எவ்வளவு வலித்தது, இரண்டைத்தான் மனம் எடுத்துவைத்துக்கொண்டது.

அடுத்து அவர்கள் செய்ததுதான் வயிற்றைக் கலக்குவது. கொலோனோஸ்கோபிக்கு வந்த 682 நோயாளிகளில் பாதிப் பேருக்கு, பரிசோதனை முடிந்த பின்னும் குழாயை உடனே வெளியே எடுக்காமல், நுனியை அசைக்காமல் கொஞ்ச நேரம் உள்ளேயே விட்டுவைத்தார்கள். அசௌகரியம்தான், ஆனால் முன்பு பட்டதைவிடக் குறைவு. 2003இல் முடிவு வெளியானது: கூடுதல் நேரம் கஷ்டப்பட்டவர்கள், மொத்த அனுபவம் அத்தனை மோசமில்லை என்றார்கள். மறுபடி பரிசோதனைக்கு வருவதிலும் அவர்கள் சற்று முன்னே நின்றார்கள். வித்தியாசம் பெரிதல்ல, ஆனால் இருந்தது. கூடுதல் வலி கொடுத்து நல்ல நினைவை வாங்கியிருக்கிறார்கள். புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க ஒருவர் திரும்பி வருவது நல்லதுதானே என்று கேட்கலாம். நல்லதுதான். ஆனால் அந்தச் சில நிமிடங்கள் யாருடைய கணக்கிலிருந்து எடுக்கப்பட்டன?

கானமன் இதை இரண்டு பேராகப் பிரித்தார்: அனுபவிக்கிறவர் ஒருவர், நினைவு வைத்துக்கொள்கிறவர் ஒருவர். உலகம் முழுவதும் இரண்டாமவரோடுதான் வியாபாரம் செய்கிறது. கருத்துப் படிவத்தை நிரப்புவது அவர், பில் கட்டுவது அவர், பக்கத்து வீட்டுக்காரரிடம் ஆஸ்பத்திரியைப் பற்றிச் சொல்வது அவர், வழக்குப் போடுவதும் அவர். முதலாமவருக்கு வாயில்லை. வலிக்கும் அந்த நிமிடத்தோடு அவர் ஆயுள் முடிந்துவிடுகிறது. மிடாசோலம் போட்டால் அவருக்கு வாரிசுகூடக் கிடையாது. அவருடைய கட்சியில் நிற்கிற ஒரே ஆள், துணிக்கடியில் விரலைப் பிடித்திருக்கும் சிஸ்டர்தான். எப்படியும் மறந்துவிடப்போகிற ஒருவரிடம், "இதோ முடியப்போகுதும்மா, மூச்சை மெதுவா விடுங்க" என்று சொல்வதால் நாளை யாருக்கும் ஒரு லாபமும் இல்லை. ஆனாலும் சொல்கிறார்கள்.

நினைவை மட்டும் நம்புவதில் நம் ஊர்த் தத்துவத்துக்கும் ஒரு சிக்கல் உண்டு. ஆழ்ந்த உறக்கத்திலும் ஆன்மா விழித்திருக்கிறது என்பதற்கு வேதாந்திகள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் ஒரு சான்று: எழுந்தவன், சுகமாகத் தூங்கினேன், ஒன்றும் அறியவில்லை என்று சொல்கிறானே, அந்தச் சுகத்தை அறிந்தது யார்? கேட்க அழகான வாதம். மிடாசோலம் போட்டுக்கொண்டவரும் எழுந்ததும் இதையேதான் சொல்கிறார், சொல்லுக்குச் சொல். ஆனால் அவர் தூங்கவும் இல்லை, சுகமாகவும் இல்லை. சாட்சி என்பது வேறு, நினைவு என்பது வேறு என்று வேதாந்தி பதில் சொல்வார், சொல்லட்டும். கொலோனோஸ்கோபி அறையில் சாட்சிக்கு இரண்டு கண்ணும் ஒரு முகக்கவசமும் இருக்கின்றன.

பௌத்தம் இங்கே எதிர்முனையிலிருந்து வருகிறது. நிலையான 'நான்' என்று ஒன்று இல்லை. கணத்துக்குக் கணம் எழுந்து மறையும் அனுபவங்களே உண்டு என்பது அதன் நிலைப்பாடு. பார்ஃபிட் தன் நூலின் பின்னிணைப்பு ஒன்றில், புத்தரின் கருத்தும் தன் கருத்தும் ஒன்றே என்று வாதிட்டிருக்கிறார். ஆள் என்று ஒருவர் இல்லையென்றால் வலியை ஏன் பொருட்படுத்த வேண்டும் என்று கேட்கத் தோன்றும். எட்டாம் நூற்றாண்டின் சாந்திதேவர் அதைத் தலைகீழாகப் போட்டார்: துன்பத்துக்குச் சொந்தக்காரர் என்று யாரும் இல்லை, ஆகவே என் துன்பம் உன் துன்பம் என்று பிரிக்கவும் வழியில்லை, துன்பம் என்பதனாலேயே அதை நீக்க வேண்டும். நினைவற்ற வலி யாருடையது என்ற கேள்விக்கு இதைவிடத் துணிச்சலான பதில் கிடைப்பது அரிது. யாருடையதாகவும் இருக்க வேண்டியதில்லை, இருந்தால் போதும்.

புத்தர் இதைத் தத்துவமாக மட்டும் விடவில்லை என்பதுதான் இன்னும் முக்கியம். விநய பிடகத்தின் மகாவக்கத்தில் ஒரு சம்பவம் வருகிறது. வயிற்றுப்போக்கு கண்ட பிக்கு ஒருவர் தன் கழிவிலேயே கிடக்கிறார். அவரால் மற்றவர்களுக்கு ஒரு பயனும் இல்லை என்பதால் யாரும் கவனிக்கவில்லை. புத்தர் தண்ணீர் ஊற்ற, ஆனந்தர் கழுவிவிடுகிறார். ஒருவர் தலைப்பக்கமும் ஒருவர் கால்பக்கமும் பிடித்துக் கட்டிலில் கிடத்துகிறார்கள். பிறகு புத்தர் நோயாளியைக் கவனிப்பவருக்கு வேண்டிய ஐந்து தகுதிகளைச் சொல்கிறார். மருந்து தயாரிக்கத் தெரிந்திருக்க வேண்டும். எது ஒத்துக்கொள்ளும், எது ஒத்துக்கொள்ளாது என்று அறிந்திருக்க வேண்டும். ஆதாயத்துக்காக இல்லாமல் அன்பினால் செய்ய வேண்டும். மலம், சளி, வாந்தி எடுப்பதில் அருவருப்பு கூடாது. அவ்வப்போது பேசி நோயாளியின் மனத்தைத் தெம்பாக வைக்கத் தெரிய வேண்டும். கடைசித் தகுதியைக் கவனிக்க வேண்டும். பேசுவதையும் ஒரு திறமையாக, மருந்து தயாரிப்பதற்குப் பக்கத்திலேயே வைத்திருக்கிறார்.

பேச்சு திறமைதான், இயல்பான நல்ல மனம் போதாது என்பதற்கு இருபத்தைந்து நூற்றாண்டு கழித்து எண்களில் சான்று வந்தது.

"சின்னதா எறும்பு கடிச்ச மாதிரி இருக்கும்" என்பது நம் மருத்துவமனைகளில் ஊசியோடு சேர்ந்தே வரும் வாசகம். பாஸ்டனில் எறும்புக்குப் பதில் தேனீ. பிரசவத்துக்கு வந்த 140 பெண்களுக்கு முதுகில் மரப்பு ஊசி போடும் முன், ஒரு சாராரிடம் பெரிய தேனீ கொட்டியது போல இருக்கும், இதுதான் இருப்பதிலேயே மோசமான கட்டம் என்றார்கள். மற்றவர்களிடம், இந்த மருந்து அந்த இடத்தை மரக்கச் செய்யும், உங்களுக்குச் சௌகரியமாக இருக்கும் என்றார்கள். ஊசி அதேதான். தேனீயைக் கேட்டவர்களுக்குத்தான் அதிகம் வலித்தது. 2010இல் வெளியான ஆய்வு இது. அதற்கு ஐந்தாண்டு முன்னால், ரேடியாலஜி டாக்டர் எல்விரா லாங்கும் குழுவினரும் 159 நோயாளிகளின் சிகிச்சை வீடியோக்களை வார்த்தை வார்த்தையாக ஆராய்ந்திருந்தார்கள். 'வலிக்கும்', 'எரியும்' என்று முன்கூட்டி எச்சரித்தபோது வலியும் பதற்றமும் கூடின. வலித்த பிறகு, ஐயோ ரொம்ப வலிச்சிருக்கும் என்ற வகையில் இரக்கப்பட்டபோது வலி கூடவில்லை, பதற்றம் கூடியது.

பொய் சொல்லலாமா என்ற கேள்வி இங்கே தவிர்க்க முடியாதது. குற்றமற்ற நன்மை விளையுமானால் பொய்யும் வாய்மைக்குச் சமம் என்று வள்ளுவர் ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறார். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்று சொல்லும் எல்லாச் சிஸ்டர்களும் அந்த வாசல் வழியாகத்தான் போகிறார்கள். ஆனால் இந்த ஆய்வுகளை ஊன்றிப் படித்தால் பொய்க்கே தேவையில்லை என்று தெரியும். மருந்து மரக்கச் செய்யும் என்பது முழு உண்மை. நடக்கப்போவதில் எதை எடுத்துச் சொல்வது என்பதில்தான் வித்தை இருக்கிறது. சூடாக ஓடும், அது மருந்து என்பதில் பயமுறுத்தலும் இல்லை, மறைப்பும் இல்லை.

பௌத்தத்தின் இரண்டு அம்பு உவமையைப் பலர் அறிவார்கள். உடம்பில் தைப்பது முதல் அம்பு. அதை நினைத்து மனம் புலம்புவது தானே எய்துகொள்ளும் இரண்டாவது அம்பு. சம்யுத்த நிகாயத்தில் வரும் இந்த உபதேசம் இரண்டாவது அம்புக்கு அம்பு பட்டவரையே பொறுப்பாக்குகிறது. எறும்பும் தேனீயும் காட்டுவது வேறொன்று: இரண்டாவது அம்பைப் பக்கத்தில் நிற்பவரும் எய்யலாம், அதுவும் அன்போடு.

அன்பு காயப்படுத்தும் என்பதை 2008இல் வெளியான ஓர் ஆய்வு இன்னும் கூர்மையாகக் காட்டியது. கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயை அடைப்பது போன்ற சிகிச்சைகளுக்கு வந்த 201 பேரை லாங் குழுவினர் மூன்றாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வழக்கமான கவனிப்பு. இரண்டாவது பிரிவுக்குப் பக்கத்தில் இருந்து பரிவோடு பேச ஒருவர். மூன்றாவது பிரிவுக்கு அதே பரிவோடு, தன்னைத் தானே தளர்த்திக்கொள்ளும் எளிய ஹிப்னாஸிஸ் பயிற்சியும். பரிவு மட்டும் கிடைத்த பிரிவில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்த அழுத்தம் தாறுமாறாவது போன்ற தொந்தரவுகள் வந்தன. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களில் நாலில் ஒருவருக்குத்தான் அப்படி. பயிற்சியும் சேர்ந்த பிரிவில் எட்டில் ஒருவருக்கு. பரிவுப் பிரிவின் நிலைமையைப் பார்த்து ஆய்வையே பாதியில் நிறுத்த வேண்டியதாயிற்று. ஒவ்வொருவரிடமும் சமாளிக்க ஏதோ ஓர் உள்வழி இருக்கிறது, விடாத பரிவு அவர்களை அதிலிருந்து வெளியே இழுத்துவிடுகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

விவிலியம் படித்தவர்களுக்கு இது புதிதல்ல. யோபுவின் துயரம் கேட்டு மூன்று நண்பர்கள் வந்தார்கள். ஏழு நாள், இரவு பகலாக, அவனோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தையும் பேசவில்லை. அதுவரை எல்லாம் சரியாக இருந்தது. பிறகு யோபு முதலில் பேசினான், அவனுக்குப் பதில் சொல்ல எலிப்பாஸ் வாயைத் திறந்தான், பிறகு பில்தாத், பிறகு சோப்பார். புத்தகத்தின் பெரும்பகுதி அந்தத் தேற்றரவிலிருந்து தப்பிக்க யோபு படும் பாடுதான். கெத்செமனேயில் நேர்மாறு: இயேசு தன்னோடு விழித்திருங்கள் என்று மட்டும் கேட்டார், பேதுருவும் யாக்கோபும் யோவானும் தூங்கிவிட்டார்கள். 1967இல் லண்டனில் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸைத் தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ், முதலில் நர்ஸாகப் பயிற்சி பெற்றவர், அந்த வேண்டுகோளைத்தான் தன் பணிக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார். நோவைத் தீர்க்கச் சொல்லவில்லை, விளக்கச் சொல்லவில்லை, விழித்திருக்கச் சொன்னார் என்பது அவருடைய வாசிப்பு.

மதுரையில் இந்த விழித்திருப்பதற்கு ஒரு பெரிய பட்டறையே இருக்கிறது. ஸ்ரீ அரவிந்தரின் வழியில் ஈடுபாடு கொண்ட கண் மருத்துவர் கோ. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற 1976ஆம் ஆண்டில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தில் கோணிப்போன விரல்களோடு கண்புரை அறுவை செய்யப் பழகியவர் அவர். கிராமத்துப் பெண்களைப் பள்ளிப்படிப்பு முடிந்ததும் சேர்த்து இரண்டாண்டு பயிற்சி தருவது அங்குள்ள முறை. மருத்துவமனையைத் தாங்கி நிற்பவர்கள் அவர்கள்தான். டாக்டர் ஒரு மேசையில் முடித்துவிட்டுப் பக்கத்து மேசைக்குத் திரும்புவார். அதற்குள் அங்கே அடுத்தவர் தயாராகக் காத்திருப்பார். நோயாளிக்குக் கண்ணைச் சுற்றித்தான் மரப்பு, அறிவு முழுக்க விழிப்பு.

கண்புரை அறுவையில் நோயாளி பார்த்துக்கொண்டும் இருக்கிறார் என்பது வெளியில் பலருக்குத் தெரியாது. சிங்கப்பூரின் கண் மருத்துவர் ஆவ் யாங் கா குவான் இதைத் தொடர்ந்து ஆராய்ந்தவர். அறுக்கப்படும் அதே கண்ணில் ஒளியும் நகரும் நிறங்களும் தெரிகின்றன; சிலருக்குக் கருவிகளும் டாக்டரின் விரல்களும்கூட. சிலருக்கு அது திருவிழா வெளிச்சம் மாதிரி, சிலருக்குப் பீதி. இப்படித் தெரியும் என்று முன்பே சொல்லி வைத்தவர்களுக்குப் பயம் குறைகிறது. முகம் துணியால் மூடியிருக்கும், தலையை அசைக்கக்கூடாது, இருமினாலே ஆபத்து. பிரிட்டனில் பல இடங்களில் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொள்வதற்கென்றே ஒருவர் இருப்பார். இருமல் வந்தால் கையை அழுத்த வேண்டும், உடனே டாக்டர் நிறுத்திவிடுவார். தென் கொரியாவில் 2001இல் வெளியான ஆய்வில், அறுவையின்போது நர்ஸ் கைபிடித்திருந்த நோயாளிகளுக்குப் பதற்றமும் ரத்தத்தில் அட்ரினலினும் குறைந்திருந்தன.

அந்நியரின் கை எப்படி வேலை செய்கிறது? 2006இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், மின் அதிர்ச்சி வரப்போகிறது என்று தெரிந்த 16 மனைவிகளின் மூளையை ஸ்கேன் செய்தார்கள். கணவர் கையைப் பிடித்தபோது மூளையின் அபாய மணிகள் நன்றாகத் தணிந்தன. தாம்பத்தியம் நன்றாக இருந்தவர்களுக்கு இன்னும் நன்றாக. முன்பின் அறியாத ஒருவர் பிடித்தபோதும் தணிந்தன, ஆனால் கொஞ்சமாக. அந்தக் கொஞ்சத்தின் மேல்தான் நர்ஸிங் நிற்கிறது.

நோயாளி, மருத்துவன், மருந்து என்பவற்றோடு பக்கத்தில் இருந்து கவனிப்பவரையும் சேர்த்து மருத்துவத்தின் நாலு பகுதி என்று எண்ணினார் வள்ளுவர். சரகரின் நூலிலும் அதே நாலு. கவனிப்பவருக்குச் சரகர் கேட்கும் குணங்களும் நாலு: வேலை அறிவு, கைத்திறன், நோயாளியிடம் பிரியம், தூய்மை. பிரியம் பட்டியலில் உண்டு. அது தனியாக நிற்கவில்லை. புத்தரும் அப்படித்தான் வரிசைப்படுத்தினார். அன்பு இருந்தால் மற்றதெல்லாம் தானாக வரும் என்று இவர்களில் யாரும் சொல்லவில்லை. நர்ஸ் என்றாலே தியாகம், தாய்மை, வெள்ளைத் தேவதை என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைக் கவனித்தால் நல்லது. அந்தப் புகழ்ச்சியில் கைத்திறனும் வேலை அறிவும் காணாமல் போகின்றன. கூடவே அதற்கான சம்பளமும்.

மறுபக்கமும் கேட்க வேண்டும். திறமையாகக் கற்றுச் சொல்லும் ஆறுதல் உண்மையான ஆறுதல்தானா? லாங் 2000இல் வெளியிட்ட முதல் பெரிய ஆய்வில் இந்தக் கேள்வி ஒளிந்திருக்கிறது. ரத்தக்குழாய், சிறுநீரகச் சிகிச்சைக்கு வந்த 241 பேர், அங்கும் மூன்று பிரிவுகள். ஹிப்னாஸிஸ் பிரிவில் இருந்தவர்களுக்கு வலி நேரம் ஆக ஆகக் கூடவில்லை. மற்ற இரு பிரிவுகளிலும் கூடிக்கொண்டே போனது. வழக்கமான கவனிப்பில் சராசரியாக 78 நிமிடம் எடுத்த சிகிச்சை, இவர்களுக்கு 61 நிமிடத்தில் முடிந்தது. வலி மருந்தும் மயக்க மருந்தும் பாதிக்கும் குறைவாகவே தேவைப்பட்டன. இத்தனைக்கும் நோயாளியிடம் பேசியவர் தன் மனத்திலிருந்து எதையும் பேசவில்லை. ஒரு தாளில் எழுதியிருந்ததைப் படித்தார்.

தாளைப் பார்த்துப் படிக்கும் கருணை என்றால் தத்துவவாதிகளுக்கு உறுத்தும். மதங்களுக்கு உறுத்தாது. மரணப் படுக்கையில் திருவாசகம் படிக்கிறவரும், யாசீன் ஓதுகிறவரும், பிரித் ஓதும் பிக்குவும், எண்ணெய் பூசி ஜெபிக்கும் பாதிரியாரும் சொந்தமாக இயற்றிப் பேசுவதில்லை. எழுதியிருப்பதைத்தான் சொல்கிறார்கள், அன்றைக்கு அவர்கள் மனம் எப்படி இருந்தாலும். களைத்துப்போன நாளில் சொன்னாலும் செல்லும் என்பதற்காகத்தான் எழுதி வைத்ததே. ஒரே நாளில் எட்டாவது நோயாளிக்குப் பக்கத்தில் நிற்கும் சிஸ்டருக்கும் அப்படி ஒரு தாள் தேவைப்படலாம்.

லாங்கின் தாள் மிக எளியது. கண்ணை மட்டும் முடிந்தவரை மேலே உயர்த்துங்கள், அப்படியே இமையை மெதுவாக மூடுங்கள், மூச்சை ஆழ இழுத்து விடுங்கள், உடம்பு மிதப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள், பிடித்தமான ஓர் இடத்தில் இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அது எந்த இடம் என்பது மட்டும் அதில் எழுதப்படவில்லை. அதைப் படிப்பவர் நோயாளியிடம்தான் கேட்டாக வேண்டும். கேட்ட பிறகு, நோயாளி பேச விரும்பும்வரை பேசவிட வேண்டும்.